எண்ணிக்கை குறையக் கூடாது

"ஒரு மணிக்கு விடுறேன்னு நீங்கதானே சொன்னீங்க கேப்டன்?"

"சொன்னேன். இப்ப முடியாதுங்கிறேன்."

"போன தடவையும் இப்படித்தான் கடைசி நிமிஷத்துல கைவிரிச்சீங்க."

"கத்தாதே டெல்வின். உன் இடத்துக்கு இன்னொருத்தன் வந்தாத்தான் உன்னை வெளியே விட முடியும். எண்ணிக்கை குறைஞ்சா கம்பெனிக்கு அபராதம். மாநிலத்துக்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கோம்."

கம்பி பதித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேப்டன் ஹாஸ்கின்ஸ் ஐஸ் போட்ட டீயை உறிஞ்சினாள். இந்தப் பக்கம் டெல்வினுக்கு நாக்கு உலர்ந்திருந்தது. கம்பெனி கொடுத்த உடுப்பு வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மிசிசிப்பியில், பருத்தி வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறையை மாநிலம் ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. முதலில் சோப்பு பாதியானது, பிறகு ஏசி ஓய்ந்தது. தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் கொடுப்பது மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

"ரெண்டரைக்குக் கோர்ட்டு, கேப்டன். நான் போகலைன்னா, என்னை விட்டுப் பிரிஞ்ச லட்ரீஸ் என் பொண்ணைத் தூக்கிட்டு ஹூஸ்டன் போயிடுவா. இன்னொரு தடவை வரலைன்னா என்னைக் கேட்காமலே பொண்ணு அவளுக்குத்தான்னு கையெழுத்து போட்டுடுவேன்னு ஜட்ஜ் சொல்லியிருக்காரு."

"உன்னை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? நீதானே எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டே?"

அப்போது அவன் இருந்த நிலையில் எந்தக் காகிதத்தை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பான்.

"சொல்லாம கொள்ளாம வெளியே போகலாம்னு மட்டும் நினைக்காதே. போன மாசம் ஒருத்தன் போனான். அவன் மேல கேஸ் போட்டாச்சு."

"அப்ப கோர்ட்டுக்கு ஒரு ஃபோனாவது போட்டுச் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்."

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

டெல்வின் சன்னல் பக்கம் திரும்பினான். முள்வேலிக்கு அப்பால் அவனுடைய பழைய நீல வண்டி வெயிலில் நின்றது. முன்சீட்டில் மகள் கியாராவுக்கு வாங்கிய மெழுகுக் கலர் பென்சில் டப்பா. இந்நேரம் எல்லா நிறமும் உருகி ஒன்றாகியிருக்கும்.

"என்ன தம்பி, இன்னைக்கும் விடமாட்டேன்னுட்டாங்களா?"

பெஞ்சில் கட்டம் போட்ட புதுச் சட்டையில், மடியில் அட்டைப்பெட்டியோடு வெர்னெல் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருடத் தண்டனை முடிந்து இன்று விடுதலை.

"உங்களை மட்டும் எப்படி விடுறாங்க?"

"என் கட்டிலுக்கு நேத்தே ஒருத்தனைக் கொண்டு வந்துட்டாங்களே! என் சூடுகூட ஆறியிருக்காது. உங்க இடத்துக்குத்தான் யாரும் வரமாட்டேங்கிறாங்க."

"இங்க யாரு விரும்பி வருவா?"

"அதுவும் சரிதான்," என்று வெர்னெல் சிரித்தார். "ரெண்டு வேளையா அந்த ஆறின சோளக்கஞ்சியத்தானே நீங்களும் குடிக்கிறீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

கேப்டன் திரும்பி வந்தாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"பேசிட்டேன். 'அவன் ஜெயில்ல இருக்கான், வர முடியாது'ன்னு சொன்னேன். 'அப்படிப்பட்டவன்கிட்ட எதுக்குக் குழந்தையை விடணும்'னு கேட்டுட்டு அந்தக் கிளார்க்கு ஃபோனை வச்சிட்டா."

டெல்வினின் காதுமடல் சூடானது. "ஐயோ கேப்டன், கொஞ்சம் விவரமாச் சொல்லியிருக்கலாமே!"

"என்ன விவரம்? ஜெயில்லதானே இருக்கே?"

"இன்னொரு தடவை போடுங்க..."

"எனக்கு வேற வேலை இல்லையா?" காலி டீக் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

டெல்வின் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். கைதான் வலித்தது.

இரண்டு மணி ஆயிற்று. கோர்ட்டுக்கு வண்டியில் இருபது நிமிடம். இப்போது கிளம்பினால்கூடப் போய்விடலாம். இரண்டே கால் ஆயிற்று.

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. வெர்னெல் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "என் தங்கச்சி. அவளுக்குப் பொறுமையே கிடையாது. கோர்ட்டைத் தாண்டித்தான் போறோம் தம்பி. உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை ஜட்ஜுகிட்ட நான் சொல்லட்டுமா?"

"உங்க பேச்சை அவர் நம்புவாரா?"

"பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி நம்பல. இன்னைக்கு எப்படின்னு பாப்போம்."

டெல்வினுக்குச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, முடியவில்லை. இரும்புக் கதவில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஹாரன் மறுபடியும் அடித்தது.

வெர்னெல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, பழக்கம் விடாமல், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சாவி உங்க இடுப்புலதானே இருக்கு, ஆபீசர்... கொஞ்சம் திறந்து விடுறீங்களா?"