எந்த முகத்துக்கும் திறக்காது

"நீங்க செஞ்ச பூட்டு சார். நீங்களே கையை விரிச்சா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

உளவுத்துறை அதிகாரி அந்த செல்போனை மேசைமேல் வைத்தாள். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

செல்போன் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் அதைத் தொடவில்லை. ஆபீஸில் அவருக்குப் பெயரே 'பூட்டுக்காரர்'தான்.

"மாட்டேன்னு சொல்லலைம்மா, முடியாதுங்கிறேன். சாவியே இல்லாமத்தான் இந்தப் பூட்டைச் செஞ்சேன்."

"ரயில் நிலையத்துல ஒரு பை. உள்ளே குண்டு. நல்லவேளை, வெடிக்கல. வெச்சவன் ஓடுறப்ப தவறவிட்டது இது. சிம் போலிப் பேர்ல இருக்கு, ஆள் யாருன்னே தெரியல. இன்னொரு பை வேற எங்கயோ இருக்கு சார்!"

"புரியுதும்மா. ஆனா இன்னிக்கு உங்களுக்குன்னு ஒரு சாவி செஞ்சா, நாளைக்கு அது எவன் கைக்குப் போகும்? கோடிப் பேர் வீட்டுக் கதவைக் கழட்டி வெக்கச் சொல்றீங்க."

"செத்துப்போனவனுக்குக் கதவு எதுக்கு சார்?"

அவருக்குச் சுருக்கென்றது.

அதிகாரி உதட்டைச் சுழித்தாள். "எங்க ஆளுங்க சொன்னது சரிதான். எல்லாம் விளம்பர ஜம்பம். நாலு மூஞ்சியைக் காட்டினா ஒண்ணுக்குத் திறந்துடுமாம்."

பூட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எவன் சொன்னான்? சொந்தக்காரன் மூஞ்சியைத் தவிர எந்த மூஞ்சிக்கும் திறக்காது. செஞ்சவன் நான், எனக்கே திறக்காது. பாருங்க!"

வெடுக்கென்று போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

திறந்துகொண்டது.

திரையில் நகர வரைபடம். ஒரு மருத்துவமனையின் பின்வாசல்மேல் சிவப்புப் புள்ளி.

அதிகாரி போனைப் பிடுங்கினாள். "பெரிய ஆஸ்பத்திரி! பின்வாசல்! உடனே காலி பண்ணுங்க!" என்று வயர்லெஸ்ஸில் கத்தினாள். கத்தி முடித்தவள் மெல்லத் திரும்பினாள். அவள் கையில் இப்போது துப்பாக்கி இருந்தது.

"சார்... இது உங்க போனா?"

பூட்டுக்காரர் அந்தப் போனின் நசுங்கிய மூலையையே பார்த்தார்.

அந்தப் பூட்டில் ஒரே ஒரு குறை உண்டு. போன வருடம் வீட்டில் அவருடைய போனை, அவரை உரித்துவைத்ததுபோலிருக்கும் ஒரே மகன் விளையாட்டாக முகத்தைக் காட்டித் திறந்தபோதுதான் அது அவருக்கே தெரிந்தது. வெளியே ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை.

"ஆமாம்மா," என்றார், இரண்டு கைகளையும் நீட்டியபடி. "என்னோடதுதான்."