வெள்ளை உடுத்தியவள்

காலை எட்டு மணி வெயில் சலவைக்கடையின் கண்ணாடியைத் தாண்டி வந்து இஸ்திரி மேசையில் படுத்துக் கிடக்கிறது. அவள் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்க்கிறாள். எட்டு வருடமாக ஊரார் சட்டையில் ஓடிய கை, இன்று சொந்தச் சட்டையில் நிதானமாக நகர்கிறது. பத்து மணிக்கு ஓர் அகராதிப் பதிப்பகத்தில் நேர்காணல். எதிரே கணவன், துணிகளில் குத்தும் அடையாளச் சீட்டுகளை விசிறிபோல் பிடித்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் அது பிறந்த கதை, எல்லாம் அவள் கையெழுத்து. போன வாரம் அதில் ஒன்று தவறிப்போய் ஒரு வக்கீலின் கோட்டோடு போய்விட்டது. மனிதர் திரும்பி வந்து, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

"சார்காஸம்?"

"குத்திப் பேசுறது. கிரேக்கத்துல சதையைப் பிய்க்கிறதுன்னு அர்த்தம். உங்க அக்கா வாயைத் திறந்தா நடக்குமே, அதேதான்."

அவன் சிரிப்பை மீசைக்குள் அடக்குகிறான். இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவி விடுகிறது.

"கேண்டிடேட்?"

"வெள்ளை உடுத்தினவங்க. லத்தீன். ரோம்ல பதவி கேட்டுப் போறவங்க, உடுப்புல சுண்ணாம்புப் பொடியத் தேய்ச்சுப் பளிச்சுனு போவாங்களாம்."

"சரி, அதைத் துவைச்சுக் கொடுத்தது யாரு?"

அவள் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்க்கிறாள். அதில் இல்லை. சூடு ஆறாத சட்டையை உதறி மாட்டிக்கொண்டு, கழுத்துப் பொத்தானைப் போடுகிறாள்.

"யாரோ ஒருத்தி. இன்னிக்குத் துவைச்சவளே போறா."