எலுமிச்சை மஞ்சளில் நாலு வீல்

"மேடம், உங்க அப்பா இங்கேதான் இருக்கார். நல்லாத்தான் இருக்கார். ஆனா நீங்க ஒரு நடை வந்துட்டுப் போனா தேவலை."

அலாய் வீல் பட்டறைக்காரர் போனில் இழுத்த இழுப்பே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"என்ன ஆச்சு?"

"கார் வீல் நாலையும் கழட்டி, பழைய பெயின்ட்டை உரிச்சு, கீறலையெல்லாம் அடைச்சு வெச்சிருக்கோம். புதுசா என்ன கலர்னு கேட்டா, எலுமிச்சை மஞ்சள்ங்கிறார். பெயின்ட் அடிச்சு சூடு அடுப்புல வெச்சு எடுத்துட்டா அப்புறம் கலரை மாத்த முடியாது. நாளைக்கு வீட்டிலேர்ந்து யாரும் சண்டைக்கு வரக் கூடாது பாருங்க. பழைய பில்லுல உங்க நம்பர் இருந்துச்சு."

எலுமிச்சை மஞ்சளா? கோடு போட்ட சட்டையைக்கூடத் தொடாத மனுஷர் அப்பா. அவருடைய வெள்ளைக் காருக்கா?

ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பக்கத்து சீட்டுக்காரியின் மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எட்டே மாதத்தில், பெற்ற மகனைப் பார்த்து "சார் யாரு?" என்று கேட்டார்.

போன வாரம் அம்மாவும் போனில் அலுத்துக்கொண்டாள். "உங்கப்பா போக்கே சரியில்லைடி. சொன்ன இடத்துல காரை நிறுத்தறதே இல்லை. தேடித் தேடிக் கால் விட்டுப்போகுது."

அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஆட்டோவில் உட்கார்ந்தபடியே மூளை நரம்பு டாக்டரின் நம்பரைத் தேடினாள்.

பட்டறை வாசலிலேயே முதலாளி காத்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சில்வர், கருஞ்சாம்பல், வெண்கலம், எல்லாக் கலர் மாதிரித் தகட்டையும் சுவரோரமா அடுக்கச் சொன்னார். இருபதடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டு, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்க்கிறார். போட்டுக்கிட்டுப் பாருங்க ஐயான்னா கேட்கலை. காலையிலேர்ந்து மூணு தடவை ஆச்சு."

அவள் உள்ளே விரைந்தாள்.

அப்பா பின்கட்டில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் தகடு.

"நீ எங்கேம்மா இங்கே?"

"சும்மாதான்." பக்கத்தில் போய் நின்றாள். "அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"செவ்வாய். தேதியும் வேணுமா? பதினேழை ஏழால பெருக்கினா எவ்வளவுன்னும் கேட்டுடு."

"விளையாடாதீங்கப்பா. இந்தக் கருஞ்சாம்பல் எவ்வளவு நல்லா இருக்கு. அழுக்குக்கூடத் தெரியாது."

"தெரியாதுங்கிறதுதான் வம்பு."

"மஞ்சள் வீலோட போனா, காலேஜ் பசங்க வண்டின்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"அம்மா என்ன சொல்லுவாங்க?"

"திட்டுவா. ரெண்டு நாள் பேச மாட்டா."

அவர் அவ்வளவு நிதானமாகச் சொன்னதுதான் அவளை உடைத்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது.

"எனக்காக ஒரே ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்பா. ஒண்ணும் இருக்காது. சும்மா ஒரு ஸ்கேன்."

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தகட்டைக் கீழே வைத்தார். முதலாளி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டயரில் நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காரு. டாக்டரை நான் பார்த்தாச்சு. எனக்காக இல்லை, உங்கம்மாவுக்காக."

"அம்மாவுக்கு என்ன?"

"கண்ணு. நடுவுல மங்கிக்கிட்டே வருதாம். தையல் வகுப்புக்குப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டு, மாசாமாசம் தனியாப் போய்க் கண்ணுல ஊசி போட்டுக்கிட்டு வரா. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துட்டு அந்த டாக்டர்கிட்டயே நேராப் போய்க் கேட்டேன். இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம், போனதைக் கொண்டுவர முடியாதுன்னார்."

அவள் டயரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன வியாழக்கிழமை கடை வாசல்ல காரோட நின்னேன். அங்கே நின்னதுல பாதி வண்டி வெள்ளை. கடையிலேர்ந்து வந்த உங்கம்மா, எனக்கு முன்னாடி நின்ன வண்டியில ஏறி பெல்ட்டையும் மாட்டிக்கிட்டா. உள்ளே எவனோ முன்பின் தெரியாதவன். நல்லவன்தான், சிரிச்சுக்கிட்டே இறக்கிவிட்டான். இவ சிரிக்கலை. எங்கிட்ட வந்து, தெரிஞ்சவங்களோட பேசிக்கிட்டிருந்தேன்னா. வீடு வர்ற வரைக்கும் பெல்ட்டை விடாமப் பிடிச்சுக்கிட்டே இருந்தா."

"நீங்க ஒண்ணும் கேட்கலையாப்பா?"

"மறைக்கணும்னு அவ இவ்வளவு பாடுபடறா. நான் எப்படிக் கேட்கிறது? என் கண்ணாடியைக் கழட்டினா எல்லாம் ஒரே கலங்கல். அந்தக் கலங்கல்லயும் இந்த மஞ்சள் ஒண்ணுதான் பளிச்சுன்னு தெரியுது."

அவள் எழுந்து போய் முதலாளியிடம், மஞ்சளையே அடிக்கச் சொன்னாள். திரும்பி வந்தவளின் கையை அப்பா பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணும்மா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இந்த வயசுல மஞ்சள் வீல் கேட்குதான்னு உங்கம்மா எதிர்லயே என்னை நல்லாத் திட்டு. கெட்டது அவ கண்ணு இல்லை, என் புத்தின்னே இருந்துட்டுப் போகட்டும்."