பதினோரு தண்ணீர்ச் சாடிகள்

“ஒன்பது காணாது, பிள்ளை. இந்த முறை பதினொண்டு வேணும்.”

கனகாம்பாள் வைக்கோலுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு சாடிகளை உருட்டி வந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினாள்.

குயவர் ஊரான த்வாண்டேயிலிருந்து கால்வாய் வழியாக வந்த சாடிகள். இடுப்பு உயரம், கறுப்பு மெருகு. ரங்கூன் ஆற்றங்கரையில், கடலுக்குப் போகும் தோணிகளுக்குக் குடிதண்ணீர்ச் சாடி வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள்.

கேட்டவர் தோணித் தலைவர் பொன்னுத்துரை தண்டையல். வல்வெட்டித்துறைக்காரர். அவருடைய பாய்மரத் தோணியில் தேக்கும் அரிசியும் ஏற்றி முடிந்துவிட்டது. தண்ணீர் மட்டும்தான் பாக்கி. நாளைக் காலை ஆறு வடியும்போது புறப்பாடு.

தண்ணீர்ச் சாடியைத் தண்டையலே தட்டிப் பார்த்து எடுக்கவேண்டும். அது அவர்கள் வழக்கம். விரல் முட்டியால் சாடியின் வயிற்றில் ஒரு தட்டு. நல்ல சாடி மணிபோல நீளமாகப் பேசும். கீறல் விழுந்தது, தொண்டை கட்டியதுபோலப் பாதியில் நின்றுவிடும்.

பொன்னுத்துரையின் காதுக்குத் துறைமுகம் முழுக்கப் பேர். அவர் தட்டினால், சாடி தன்னைச் சுட்ட குயவனின் பேரைச் சொல்லி, அவன் பெண்டாட்டியோடு சண்டை போட்ட நாளையும் சொல்லிவிடும் என்று அவருடைய ஆட்களே கேலி பேசுவார்கள்.

அந்தக் காதுக்குத்தான் அவள் பயந்தாள்.

பதினொன்றில் ஏழு கீறல் சாடிகள். சூளைக்காரர்கள் ஒதுக்கிப் போட்டவை. அவளே தேடி எடுத்து, கீறலில் அரக்கு மரத்துப் பாலைத் தேய்த்து, மெருகோடு மெருகாக்கியிருந்தாள். கண்ணுக்குத் தெரியாது. கரையில் வைத்தால் ஒரு சொட்டுக் கசியாது. கடல் நாலு நாள் குலுக்கினால் கீறல் வாய் திறந்துவிடும்.

ஓசையை மட்டும் மறைக்க முடியவில்லை. அதனால்தான் பக்கத்து அரிசி ஆலை முழங்கும் நேரமாகப் பார்த்து அவரை வரச் சொல்லியிருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷத் தையில், அவள் புருஷன் சபாபதி இதே தோணியில் ஊருக்குப் போனான்.

நடுக்கடலில் காற்று விழுந்தது. தண்ணீர் குறைந்தது. பாய் இழுக்கிறவனுக்கு அரைச் சிரட்டை, காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு இல்லை என்றார் தண்டையல்.

சபாபதி காய்ச்சலில் கிடந்தான். மூன்று நாள் கேட்டான். நாலாம் நாள் கேட்கவில்லை.

தங்கவேலு என்ற மாலுமி திரும்பி வந்து இதைச் சொன்னான். கிழிந்த பாயில் சுற்றிக் கடலில் விட்டோம் என்று சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

நாளை தோணியில் பதினாறு பேர் போகிறார்கள். அது அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் இத்தனை பேர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள் என்று பல ராத்திரிகளாகத் தனக்கே சொல்லி வந்திருக்கிறாள்.

ஆட்கள் சுற்றி நிற்க, பொன்னுத்துரை முதல் சாடியைத் தட்டினார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். நல்ல சாடி. தலையசைத்து, விரலால் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தார்.

இரண்டாவது, கீறல் சாடி.

ஆலைச் சத்தத்தையும் மீறி அதன் கட்டைக் குரல் அவள் காதில் விழுந்தது.

அவர் கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். பொட்டு வைத்தார்.

மூன்றாவதுக்கும் பொட்டு. நான்காவதுக்கும்.

அவளுக்குத் துணிச்சல் வந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது, சும்மா விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

“மூணு வருஷம் முன்னாடி தை மாசத்துல எல்லாருக்கும் தண்ணி பத்துச்சுங்களா ஐயா?”

பொன்னுத்துரை சிரித்தார். ஓம் ஓம் என்று ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த சாடிக்குக் குனிந்தார்.

அதுவரை அவளுக்குள் ஏதோ ஒன்று ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சிரிப்பில் அது நின்றுபோனது. இனி ஆலை முழங்காவிட்டாலும் கவலையில்லை என்று தோன்றியது.

பதினொன்றிலும் பொட்டு விழுந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருப்தியாகச் சிரித்துக்கொண்டார்கள். தண்டையல் அவர்களைச் சம்பான் படகு பிடித்து வரச் சொல்லி அனுப்பினார். அவர்கள் படித்துறை இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அவளருகே வந்தார். ரகசியம் சொல்கிறவரின் முகம். ஆனால் குரல் சத்தமாக வந்தது.

“நீ சபாபதியின்ரை பெண்சாதி எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. தெரிஞ்சுதான் உன்னட்டை வந்தனான்.”

அவள் கை சேலைத் தலைப்பை இறுக்கியது.

அவருக்கு இடது காது முன்னமே போய்விட்டதாம். ஐப்பசியில் வந்த காய்ச்சலில் வலதும் போனதாம். ஆலை ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லையாம். ஆட்களுக்குத் தெரிந்தால் ஒருவனும் தோணியில் ஏறமாட்டான். சாடி தட்டியதெல்லாம் அவர்கள் கண்ணுக்காக.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி முடிஞ்சால் என்ன நடக்குமெண்டு இந்தக் கரையிலை உனக்குத்தான் தெரியும். உன்ரை விரலாலை ஒருக்காத் தட்டிப் பார். பழுதானதை எனக்குக் கையாலை காட்டிவிடு, பிள்ளை.”