ஏறும் மேடை

"லிஃப்ட்ல ஏறுற அந்த மேடையை உடைச்சு மறுபடி போடணும், காஸ்பர். நாளைக்கே."

மேடையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று வீட்டில் படித்துப் படித்துச் சொல்லப்பட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே செரைனா அதைத்தான் கேட்டாள். கம்பியில் தொங்கும் நாற்காலிகள் ஆட்களை மேலே தூக்கிப்போகும் அந்தப் பனிச்சறுக்கு மலையில் முதலாளிக்கும் 'நீ'தான். குரலைத் தாழ்த்தவும் அவளுக்குத் தோன்றவில்லை.

காஸ்பர் காபிக் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "உங்கப்பா மாட்டுக் கொட்டகை கழுவினாரு. பொண்ணு இன்ஜினீயர் ஆனதும் என் லிஃப்டைக் கழுவ வந்துட்டா."

"கொட்டகையிலகூட எந்தப் பக்கம் சரியணும்னு பார்த்துத்தான் தரை போடுவாங்க. உன் மேடை முன்னால சரியுது. நாற்காலி பின்னாடி வந்து சேர்றதுக்குள்ள ஆளு நிக்கவேண்டிய கோட்டைத் தாண்டி வழுக்கிடறான். வரிசைக் கதவை வேற பக்கவாட்டுல வச்சிருக்கே. திரும்பறப்பவே சறுக்குக் கட்டை ரெண்டும் பின்னிக்குது."

"விழுந்தா தூக்கத்தானே ரெட்டோவை நிக்க வச்சிருக்கேன்."

அந்தத் தூக்கல்தான் அவள் வயிற்றை எரித்தது. அறைக் கண்ணாடிக்கு வெளியே வரிசையில் மெங்கியா வந்துகொண்டிருந்தாள். பனிச்சறுக்குப் பள்ளி ஆசிரியை. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கே பதக்கம் வாங்கித் தந்தவள்.

மெங்கியா கோட்டைத் தாண்டி வழுக்கினாள். ரெட்டோவின் கை அவள் இடுப்பை வளைத்துப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தது. உட்காரவைத்த பிறகும் அந்தக் கை விலகச் சற்று நேரமானது.

செரைனாவின் முகத்தைப் பார்த்துக் காஸ்பர் சிரித்தார். "இதுதானா சங்கதி. புத்தாண்டு அன்னிக்கு ரெட்டோ உன்கூட ஆடினான். இப்ப இன்னொருத்தி இடுப்பைப் பிடிக்கிறான். பொறுக்கல உனக்கு."

"பொறுக்கலதான்."

"அப்ப மெங்கியாகிட்டயே போய்ச் சண்டை போடு. வாடகையைப் பங்கு போட்டுக்கிட்டு ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? தினம் விழறவளே மேடை நல்லாத்தான் இருக்குங்கறா. உனக்கென்ன வந்துச்சு?"

"பதக்கம் வாங்கினவளே விழறான்னா வேற என்ன காரணம் இருக்க முடியும்? மேடைதான். மேடையாத்தான் இருக்கணும்."

சொல்லும்போது குரல் கெஞ்சலாகிவிட்டது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

காஸ்பர் அலுத்துப்போய் ஒத்துக்கொண்டார். "கம்பி, சிமென்ட்டுன்னு வந்து நிக்காதே. பனியை வச்சு என்ன பண்ணுவியோ பண்ணு."

மறுநாள் லிஃப்ட் ஓடத் தொடங்குமுன் செரைனா பனியை அள்ளிக் கொட்டவைத்தாள். கோட்டுக்கு வரும் வழியில் தரை லேசாக உயர்ந்தது, கோட்டருகே மட்டமானது. வந்தவர் கால் தானாகவே நின்றுவிடும். கதவை நகர்த்தி, திரும்பாமல் நேராக நடந்து வரும்படி வைத்தாள்.

பள்ளிக் குழந்தைகள் ஏறினார்கள். முந்தின நாள் முழுக்க விழுந்து எழுந்த ஜெர்மன் தம்பதி, வீட்டு சோபாவில் உட்காருவதுபோல உட்கார்ந்து மேலே போனார்கள். ரெட்டோ வேலையில்லாமல் கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

காஸ்பர் ஒரு துண்டு வால்நட் கேக்கைக் கொண்டுவந்து நீட்டினார். "ஒத்துக்கறேன். படிச்ச படிப்பு வீண் போகல. ஒருத்தர்கூட விழல."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெங்கியா வந்தாள். மட்டமான தரையில் கோட்டின் மேல் நட்ட கம்பம்போல நின்றாள். நாற்காலி நெருங்கியது. நெருங்கிய பிறகுதான் அவள் முழங்கால் மடங்கியது.

ரெட்டோவின் கைகள் பைக்குள்ளிருந்து முன்கூட்டியே வெளியே வந்திருந்தன. இருவரும் சிரித்தார்கள்.

"இன்னும் எங்கேயோ கோளாறு இருக்கு போல," என்றார் காஸ்பர்.

"மேடையில இல்ல."

செரைனா கம்பெனி ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மதிய ரயிலைப் பிடித்துவிடலாம். பெட்டியைக் காலையிலேயே கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்; இனி அதைப் பிரிக்க வேண்டியதில்லை.

காஸ்பர் பதறிப்போய்க் கேக்கோடு பின்னால் வந்தார். "அட, நில்லும்மா. ரெட்டோவை மேல் ஸ்டேஷனுக்கு மாத்திடறேன். உன் ஆளை எவளும் கொத்திக்கிட்டுப் போக மாட்டா."

அவள் கதவைத் திறந்து பனியில் இறங்கினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"என் ஆளு ரெட்டோ இல்ல, காஸ்பர். மெங்கியா."