மிச்சம் எவ்வளவு?

"மெயின் கம்ப்யூட்டர் படுத்துக்கிட்டா கைகொடுக்கத்தானே இந்த ஸ்டாண்ட்பையை வாங்கினோம்? இதுவே டிஸ்க்ல இடமில்லைன்னா எப்படிம்மா?"

மேனேஜர் வெங்கடப்பன் போட்ட சத்தம் ஓசூர் தொழிற்சாலையின் லேத் இரைச்சலையும் மீறிக் கேட்டது. நாளை பெங்களூர் ஹெட் ஆபீசிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். ஆபரேட்டர் குல்ஷன் இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் ஒரே டேட்டாதான் சார். மெயின்ல பாதி காலியாத்தான் கிடக்குது."

"அப்ப இதுல எவனோ கேம்ஸ் ஏத்தியிருக்கான். ஆளைக் கண்டுபிடி, மெமோ கொடுக்கறேன்!"

குல்ஷன் தேடினாள். ஸ்டாண்ட்பை டிஸ்க்கில் ஒரே ஒரு ஃபைல் மட்டும் பூதமாக வளர்ந்திருந்தது. திறந்து பார்த்தவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"யாரும்மா அது?"

"போன உகாதி சமயத்துல மெயின் டிஸ்க் நிரம்பி, பழசையெல்லாம் அழிச்சப்ப, 'இது சும்மாதானே நிக்குது, எவ்வளவு இடம் மிச்சம்னு நொடிக்கு நொடி இதுலயே பதிஞ்சு வை'ன்னு சொன்னீங்களே சார்... அந்த ஃபைல்தான்."

வெங்கடப்பன் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"அது வளர்றதை யாரும் கவனிக்கலை பாரு, அதான் தப்பு. இனிமே அந்த ஃபைல் எவ்வளவு வளருதுன்னு நொடிக்கு நொடி இன்னொரு ஃபைல்ல பதிஞ்சு வை!"