சவரக் கண்ணாடி

கனடாவிலிருந்து கூப்பிடும் நிரஞ்சன், சாப்பிட்டியா என்றுகூட அம்மா அமுதவல்லியைக் கேட்க மாட்டான். "போனைத் தொட்டிப் பக்கம் திருப்பும்மா" என்பான். அவன் விட்டுப்போன நியான் மீன்கள் கூட்டமாகச் சட்டென்று திரும்பும் அழகைப் பார்த்தால் போதும், பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்துவைத்து, குளோரின் நெடி போன பிறகுதான் தொட்டியில் விட வேண்டும். அமுதவல்லி மறதியில் அப்படியே ஊற்றிவிட்டாள். ஒன்றைத் தவிர எல்லாம் செத்து மிதந்தன. மிஞ்சியது கல்லிடுக்கில் நிறம் வெளுத்துப் பதுங்கிக் கிடந்தது. இதைச் சொல்லிவிட்டால் அவன் இனி எதற்காகக் கூப்பிடுவான்? சுவர்க் கண்ணாடியையும், போய்ச்சேர்ந்த கணவரின் சவரக் கண்ணாடியையும் எடுத்துவந்து தொட்டியின் மூலையில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி நிறுத்தினாள். ஒன்று நாலானது. மீனே ஏமாந்து வெளியே வந்து, அந்த மூன்றோடும் உரசிக்கொண்டு நீந்தியது.

"கூட்டம் கம்மியா இருக்கே?" என்றான் நிரஞ்சன்.

"மத்ததெல்லாம் செடி மறைவுல இருக்குடா."

"ஒண்ணை மட்டும் தனியா விட்டுடாதம்மா. ஏங்கியே செத்துடும்."

"சரிப்பா" என்று போனைத் தன் பக்கம் திருப்பினாள். அவன் அதற்குள் வைத்துவிட்டிருந்தான். கறுத்த திரையில் அவள் முகம் மட்டும் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்று அதைக் கேட்டாள்.